ஓட்டுப் போட்டு எடுத்த நோய்

நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து பால் வாங்கப் போக ஒரு கல் மதிலை ஒட்டி நடக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் மோரா என்கிற அம்மையாரின் தோட்டம். அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு நானும் கலாவும் வந்த புதிதில், ஒரு காலை இரண்டு பேரும் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மோரா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு மதிலில் சாய்ந்துகொண்டு, "ஃபேர் ப்ளே டு யூ, கேர்ள்ஸ்" என்றார். யாராவது பேசினால் பதில் சொல்லாமல் போகக் கலாவுக்குத் தெரியாது. நின்று, மரியாதையாக, "நோ ப்ளே மேடம், ஒன்லி மில்க்" என்றாள்.

மருத்துவமனையில் என்னோடு வேலை செய்கிற ஒருத்தியிடம் கேட்டபோதுதான் அர்த்தம் தெரிந்தது. விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'சபாஷ்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை. பால் வாங்கப் போவதற்கு எதற்குச் சபாஷ் என்று வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் யோசித்தோம். யோசித்து முடித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் எத்தனையோ வருஷம் கை கோத்து நடந்தவர்கள் நாங்கள். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டு பெண்கள் கை கோத்து நடப்பது அங்கே காக்கை பறப்பது மாதிரி ஒரு காட்சி. இங்கே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பெயர் இருக்கிற எதுவும் சட்டென்று கண்ணில் பட்டுவிடுகிறது. அடுத்த சில நாட்கள் இரண்டு பேரும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஏதோ சண்டை போட்டவர்கள் போல நடந்தோம். மோரா அதையும் கவனித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அதற்குப் பிறகு பழையபடி கோத்துக்கொண்டோம்.

எங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்கு முதலில் தெரிந்தது 1993-இல், விழுப்புரத்தில். என் ஊர் கிளியனூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியும் கேப்பை அறுத்தும் எங்களை வளர்த்தார்கள். பங்குச் சாமியார் ஒருவர் சொல்லிவைத்ததில் எனக்கு விழுப்புரத்தில் ஒரு செவிலியர் பள்ளியில் இடம் கிடைத்தது. விடுதியில் எனக்கு நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவள் கலா. மரக்காணம் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்று அவள் ஊர். அவள் பெட்டியைத் திறந்தால் கருவாட்டு வாசனை கூடத்தையே நிறைக்கும். முதல் வாரத்திலேயே பக்கத்தில் இருந்த பெண்கள் தங்கள் கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நான் என் கட்டிலை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். கருவாட்டுக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். என்னிடமும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் மனநோய்ச் செவிலியம் என்று ஒரு பாடம். எங்களுக்கு முன்னால் பல செட் பெண்கள் படித்துக் கைமாறி வந்த தடித்த புத்தகம். அதில் 'பாலியல் பிறழ்வுகள்' என்ற தலைப்பில் வரிசையாகச் சில வியாதிகள் போட்டிருந்தது. அந்த வரிசையில் இருந்தோம் நாங்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவது என்று சுத்தமாக அச்சடித்து, அறிகுறிகள், காரணங்கள், சிகிச்சை என்று அரைப் பக்கம். படித்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். உண்மையில் எனக்கு வந்தது சந்தோஷம். அதுவரைக்கும் உலகத்தில் நான் ஒருத்திதான், மிஞ்சிப் போனால் கலாவோடு சேர்த்து இரண்டு பேர்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தைக் கலாவிடம் காட்டினேன். அவள் விரலை வைத்து மெதுவாகப் படித்துவிட்டுச் சொன்னாள்: "அர பக்கம் போட்டுக்கீறாங்க ஸ்டெல்லா. நம்ம ரெண்டு பேருக்காவா இங்கிலீஷ்ல அச்சடிச்சிருப்பாங்க? எங்கயோ நெறைய பேரு இருக்காங்க."

சிகிச்சை என்ற பத்தியை மட்டும் இரண்டாம் தடவை படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மின்சாரம் வைப்பது, வாந்தி வரும் மருந்தைக் கொடுத்து வெறுப்பை உண்டாக்குவது என்று போட்டிருந்தது. பயிற்சிக்குப் போன வார்டில் வேறு நோயாளிகளுக்கு மின்சாரம் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கால்களைப் பிடித்துக்கொள்கிற வேலை எனக்கு. வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா அந்த வரிசையைத்தான் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். எங்கள் பெயர் வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியதாக ஞாபகம். அறிகுறி கேட்டார், சொன்னேன். சிகிச்சை கேட்டார், அதையும் சொன்னேன். "வெரி குட், நல்லா படிச்சிருக்கம்மா" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். வெளியே வந்ததும் கலா என்ன கேட்டார்கள் என்றாள். நம்மைத்தான் கேட்டார்கள் என்றேன். பாஸா என்றாள். பாஸ் என்றேன். தேர்வு முடிந்து வந்தவர்கள் இவ்வளவு சிரித்து அந்த வராந்தா பார்த்திருக்காது.

படிப்பு முடிந்ததும் திண்டிவனத்தில் ஒரே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வீட்டில் குடியேறினோம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்றுகளிலேயே பெரியது அந்தத் தெரு கொடுத்ததுதான். ஆம்பளை வாசனையே இல்லாத வீடு, அடக்கமான நர்சுப் பெண்கள் என்று எங்களைக் காட்டித் தங்கள் மகள்களுக்குப் புத்தி சொன்னார்கள். ஒரே கட்டிலை வைத்துக்கொண்டு சிக்கனமாக இருக்கிறார்கள் என்று அதையும் மெச்சினார்கள். சிக்கல் கிளியனூரிலிருந்துதான் வந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்தேன். உயரம் போதாது, குடிப்பார் போலிருக்கிறது, ஜெபம் செய்யும்போது கண்ணைத் திறந்து பார்த்தார் என்று காரணங்கள். காரணங்கள் தீர்ந்துபோன ஒரு நாளில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் அண்ணனை உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

என் அண்ணன் ஆரோக்கியம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அதைவிட முக்கியம், அவர் ஒரு கட்சியில் இருப்பவர். எந்தக் கட்சி என்பது வேண்டாம். மீசை முளைத்ததிலிருந்து கிளியனூரில் அந்தக் கட்சிக்குப் பூத் ஏஜென்ட் அவர்தான். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, அதில் எது நம்முடையது, எது கடைசி நாளில் மாறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கலாவும் நானும் சினேகிதிகள்தானே, கல்யாணம் செய்துகொண்டும் சினேகிதமாக இருக்கலாமே என்றார். "அப்படி இல்லண்ணா. நீயும் அண்ணியும் எப்படியோ, அப்படித்தான் நானும் கலாவும்" என்றேன். டீயில் ஆடை படர்கிறவரை கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் என் தலையில் கை வைத்து, "பயப்படாத ஸ்டெல்லா. ஒடம்புக்கு வர மாதிரி மனசுக்கும் வரும். அண்ணன் சரி பண்ணித் தரேன்" என்றார். அந்த அன்புதான் என்னை நடுங்க வைத்தது. ஏனென்றால் எப்படிச் சரி செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க அண்ணனும் நானும் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போனோம். மறுத்துவிட்டு ஓடியிருக்கலாமே என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கேட்கிறார்கள். எங்கே ஓடுவது? ஓடினால் கலாவின் பெயர் தெருவுக்கு வரும், இரண்டு பேருக்கும் வேலை போகும். கிளியனூர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது தெரிந்த முகங்கள் ஏறின. எங்கே இவ்வளவு தூரம் என்று கேட்டவர்களிடம் அண்ணன், தங்கச்சிக்குப் பல்வலி என்றார். நான் உண்மையிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் இளைஞர், படித்து முடித்து வந்து அதிக காலம் ஆகியிருக்காது. என்னைத் தனியாக விசாரித்தார். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, வேலைக்குப் போகிறாயா, அந்தப் பெண்ணோடு சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு, வாய்மொழித் தேர்வில் சொன்னதைவிடத் தெளிவாக, ஆமாம் என்றேன். பிறகு அண்ணனைக் கூப்பிட்டார்.

"உங்க தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லீங்க. முன்னாடி இதை வியாதின்னு போட்டிருந்தாங்க. இப்ப எடுத்துட்டாங்க" என்றார் மருத்துவர்.

அண்ணனுக்குப் புரியவில்லை. "வியாதிய எப்படி சார் எடுப்பாங்க? யாரு எடுத்தது?"

அமெரிக்காவில் மனநல மருத்துவர்கள் எழுபதுகளிலேயே அதைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள், சில பேர் எதிர்த்ததால் அவர்களுக்குள் ஓட்டெடுப்பே நடந்தது, நீக்கியது நீக்கியதுதான் என்று முடிவாயிற்று, இப்போது உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற பட்டியலிலும் அது இல்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 'ஓட்டெடுப்பு' என்ற சொல் வந்ததும் அண்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அதுவரைக்கும் சோர்ந்திருந்த முகத்தில் ஒரு களை வந்தது.

"ஓட்டு போட்டா எடுத்தாங்க? எவ்ளோ வித்தியாசம் சார்?"

மருத்துவருக்கு அது ஞாபகம் இல்லை. நல்ல வித்தியாசம்தான் என்று சொல்லி வைத்தார். ஓட்டில் தோற்றதை ஒப்புக்கொள்வது கட்சிக்காரனுக்குப் பழக்கம்தான். ஆனால் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துவிட்டு வெறுங்கையோடு போக அண்ணனுக்கு மனமில்லை. எதற்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை வேளை தவறாமல் விழுங்கச் சொல்லி வாராவாரம் விசாரித்தார். என்ன மாத்திரை என்பது நர்சான எனக்குத் தெரியாதா? சந்தோஷமாக விழுங்கினேன். கன்னம் உப்பி, கொஞ்சம் நிறமும் வந்தது. அடுத்த மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பல்வலி மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றார். வரன் பார்ப்பது மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோனது. அண்ணன் அம்மாவிடம் என்ன சொல்லி நிறுத்தினார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் கலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் அத்தோடு நிறுத்திக்கொண்டார். பிறகெல்லாம் 'அந்தப் பொண்ணு' தான்.

2006-இல் நாங்கள் இரண்டு பேரும் வேலை கிடைத்து அயர்லாந்து வந்தோம். குளிரைப் பற்றியும் உருளைக்கிழங்கைப் பற்றியும் புலம்பெயர்ந்தவர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். நான் மோராவைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு மதிலே வரவேற்பறை. அங்கே நின்றபடியே ஒரு நாள் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அவரும் எங்களைப் போலத்தான். அவர் இளைஞராக இருந்த காலத்தில் இந்த நாட்டில் அது வியாதி, அதோடு குற்றமும். லண்டனுக்குப் போனவர் திரும்பவே இல்லை, அங்கேயே இறந்துபோனார். குற்றம் என்பதை இங்கே எடுத்தது 1993-இல் என்றார். நான் விழுப்புரத்தில் அந்த வரிசையை மனப்பாடம் செய்த அதே வருஷம். அதைச் சொன்னபோது மோரா கோழி முட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதா என்று ரொம்ப நாள் தயங்கினோம். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. இதை வாங்கினால் அதை விட வேண்டும். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எங்களைக் குற்றவாளிகள் அல்ல என்றபோது, ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூடப் பேசினோம். 2013 கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அன்று கலா துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சேதி சொன்னேன். கையில் இருந்த துணியைப் பிழிந்தாள், பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "போட்டுடலாம் ஸ்டெல்லா, மனு போட்டுடலாம்" என்றாள். குடியுரிமை கிடைத்த அன்று அண்ணனுக்குப் போன் செய்தேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி, நிஜமான வருத்தத்தோடு, "நம்ம பூத்துல ஒரு ஓட்டு போச்சே" என்றார்.

அந்த ஓட்டு இங்கே வேலைக்கு வந்தது. 2015-இல், இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நாடு முழுக்க மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். பதிவு செய்து சேர்ந்து வாழ ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அதற்குக் கல்யாணம் என்று பெயர் இல்லை. வாக்கெடுப்பு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அண்ணன்தான். திண்டிவனம் டீக்கடைக்குப் பிறகு இந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே இல்லை. இருந்தாலும் போன் செய்து, கல்யாணம் யாருக்கு என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். எதிர்முனையில் பட்டறைச் சத்தம் நின்றது. பிறகு கேட்டார்.

"இன்னா சின்னம்?"

"சின்னம் இல்லண்ணா. ஆமாவா, இல்லையா, அவ்ளோதான்."

"சின்னம் இல்லாம எப்படி ஓட்டு கேக்கறது? பேஜாரு புடிச்ச ஊரா இருக்குதே" என்று சலித்துக்கொண்டார். ஆனால் மறுநாளே அவராகக் கூப்பிட்டார். வீடு வீடாகப் போகச் சொன்னார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் போ என்றார். எதிர்க்கிறவனிடம் வாதாடாதே, குடிக்கத் தண்ணீர் கேள், தண்ணீர் கொடுத்த கை எதிர்த்துக் குத்தக் கூசும் என்றார். கிளியனூரில் பல வருஷம் பழுதில்லாமல் வேலை செய்த உபாயம் அது. மோராவோடு நாங்கள் வாக்குக் கேட்கக் கிளம்பியபோது அப்படியே செய்தேன். இந்த ஊரில் தண்ணீர் கேட்டால் தண்ணீர் தரமாட்டார்கள் என்பது அண்ணனுக்குத் தெரியாது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கெட்டில் போட்டு, பால் கலந்த தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள்; வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்பார்கள். ஒரு தெருவைக்கூட முடிக்க முடியவில்லை. வயிறு தேநீரால் தளும்பத் தளும்ப மோரா என்னிடம், இனிமேல் தயவுசெய்து தாகம் என்று சொல்லாதே என்றார்.

ஊர்க்கோடியில் தனியாக மாடு வைத்துப் பிழைக்கும் ஒரு கிழவர் வீடு. கதவைப் பாதி திறந்து நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, நீ அப்படிப்பட்டவளா என்று நேராகக் கேட்டார். அதுவரைக்கும் எந்த வீட்டிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. என் வாழ்நாளில் அண்ணனிடமும் ஒரு மருத்துவரிடமும் தவிர வேறு யாரிடமும் என் வாயால் நான் அதைச் சொன்னதில்லை. மோராகூடத் தானாகத் தெரிந்துகொண்டதுதான். திரும்பிப் பார்த்தேன். கலா வேலி ஓரத்தில் நின்று அவருடைய மாட்டின் நெற்றியைச் சொறிந்து, அதனிடம் தமிழில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாம். அதோ, அவள்தான்" என்றேன். கிழவர் கலாவைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்குக் குளிரப் போகிறது, உள்ளே கூப்பிடு என்றார். கிளம்பும்போது அவர் ஓட்டு எங்களுக்குத்தானா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவராகவே, "யூ வில் பி கிராண்ட்" என்றார். அன்றே அண்ணனிடம் சொன்னேன். கல்யாணம் கிராண்டாக நடக்கும் என்கிறானா, அப்போது அந்த ஓட்டு நமக்குத்தான் என்று அடித்துச் சொன்னார். இந்த ஊரில் 'கிராண்ட்' என்றால் 'பரவாயில்லை, சமாளித்துக்கொள்வீர்கள்' என்றுதான் அர்த்தம். அதை அண்ணனிடம் நான் திருத்தவில்லை.

வாக்களிக்கும் சாவடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில். நம் ஊரில் செய்வது போல விரலில் மை வைப்பார்கள் என்று கலா விரலை நீட்டினாள். அங்கிருந்த அதிகாரி அதைப் பிடித்துக் கை குலுக்கினார். மறுநாள் எண்ணினார்கள். ஆமாம் என்பதுதான் வென்றது. வார்டில் வேலையாக இருந்தேன்; தொலைக்காட்சி முன்னால் நின்றிருந்த செவிலியர்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு நோயாளி, தனக்கு எப்போது மாத்திரை தரப்போகிறீர்கள் என்று சத்தம் போட்டார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன். எதற்கென்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. முன்பின் தெரியாத எத்தனையோ லட்சம் பேர் வரிசையில் நின்று என் வீட்டு விஷயத்துக்கு ஆமாம் போட்டிருக்கிறார்கள். அது மகிழ்ச்சிதான். கூடவே, மற்றவர்களுடைய கல்யாணத்துக்கு யாரும் ஊரைக் கேட்பதில்லையே என்றும் இருந்தது.

அம்மாவிடம் அண்ணன்தான் சொன்னார். சொல்லிவிட்டு, அம்மா கோபமாக இருக்கிறார், நீயே பேசிக்கொள் என்று போனைக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார். நான் பல வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த பதில்களையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். அம்மா கேட்டது அதில் எதிலும் இல்லை.

"பொண்ணுன்றது ஒரு பக்கம் இருக்கட்டும். அது நம்ம வேதமில்லியேம்மா. ஞானஸ்நானம் எடுத்துக்குமா?"

கலா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "ஞாயித்துக்கெழம காலைல உங்க பொண்ண எழுப்பி, காபி குடுத்து, கோயிலுக்குத் தள்ளி உடறதே நாந்தாம்மா" என்றாள். அம்மா "அவ சின்னதுலயே பூசைக்கு எழுந்திருக்க மாட்டா" என்று கலாவிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தார். நான் துணி மடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தார்கள். கலாவின் அப்பாவுக்கு நாங்கள் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்காமலே எல்லாம் தெரிந்த மனிதர் அவர். பதிவு அலுவலகக் கல்யாணத்துக்கு ஒரு பெட்டி நிறைய வஞ்சிரக் கருவாடு அனுப்பி வைத்தார். அது இங்கே சுங்கத்தைத் தாண்டவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட மோரா பட்டுப் புடவை கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, கட்டிவிட்ட எங்களையே மிஞ்சிய அழகோடு வந்தார்.

2018-இல் உச்ச நீதிமன்றம் எங்களைக் குற்றத்திலிருந்து மறுபடியும் எடுத்தது. நோய்ப் பட்டியலிலிருந்தும் போயிற்று, குற்றப் பட்டியலிலிருந்தும் போயிற்று. கல்யாணப் பட்டியலில் மட்டும் அங்கே இன்னும் ஏறவில்லை. விமானத்தில் ஏறும்போது என் மனைவியாக இருக்கிற கலா, சென்னையில் இறங்கும்போது கூட வந்தவளாக மாறிவிடுகிறாள். எந்த நாட்டின் தலைக்கு மேல் அது நடக்கிறது என்று கண்டுபிடிக்க, அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாங்கள் இரண்டு பேரும் திரையில் நகரும் அந்தக் குட்டி விமானத்தையே பார்த்துக்கொண்டு போனோம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் காத்திருந்தார். தலை வெளுத்துவிட்டது. என் பெட்டியை வாங்கிக்கொண்டு, கலா பின்தங்குவதைப் பார்த்து, கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்தார். "மாப்ள, ஜல்தி வா. கிளியனூர் வண்டி பொறப்பட்டுக்கினு இருக்குது."

கலா தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அவள் தோள்பையையும் வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் கூச்சத்தோடு, "தங்கச்சி கட்டுனவங்கள வேற எப்படிக் கூப்பிடறது?" என்றார். அயர்லாந்தில் சட்டத்தில் எங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒருவரும் கலாவை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த மொழியில் அதற்கு வழியும் இல்லை. ஊரில் சட்டம் எங்களை அறியாது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் நூறு பேர் கேட்க எங்களுக்கு ஒரு உறவுமுறை கிடைத்துவிட்டது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்கு வாய்க்கவில்லை. என்னோடு வெளிநாட்டில் இருக்கிற உங்களில் பலருக்கும் வேறு ஏதோ ஒன்றில் இப்படித்தான் இருக்கும்.

திரும்பும் நாள் அண்ணன் விமான நிலையம் வரை வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். பெட்டி போடும் இடத்தில் இருந்த பெண் சின்ன வயது. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கேட்டேன். அவள் கலாவைக் காட்டி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும் மேடம்?" என்றாள். டப்ளினில் கேட்டிருந்தால் ஒரே ஆங்கிலச் சொல்லில் முடிந்திருக்கும். இங்கே தமிழில் எதைச் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறி, என் அப்பாவைப் பற்றிப் பேசும்போது அம்மா சொல்கிற வார்த்தையே வாயில் வந்தது. "வீட்டுக்காரங்க" என்றேன்.

"ஓ, ஹவுஸ் ஓனருங்களா?" என்று அந்தப் பெண் சந்தோஷமாகக் கேட்டாள். வீட்டுச் சொந்தக்காரரும் குடியிருப்பவரும் இவ்வளவு ஒற்றுமையாகச் சேர்ந்து ஊருக்குப் போவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, ஜன்னலோரமாகவே இரண்டு இருக்கை போட்டுக் கொடுத்தாள். கலா சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன், என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கையை ஆட்டிக் கேட்டார். சொல்ல வாயெடுத்தேன், கண்ணாடி தடிமன், ஒரு சொல்லும் போய்ச் சேராது. முன்னால் பாதுகாப்பு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் திரும்பிப் பார்த்தபோது, என்னவென்று தெரியாமலே அண்ணனும் சிரித்துக்கொண்டிருந்தார்.